மௌஸ் காஜா பக்கம்

அந்த போன் வந்தபோது நான் நம்பவில்லை. நம்பாததோடு நிற்காமல் பாராட்டவும் செய்தேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது. எல்லோருக்கும் பக்கத்து வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, கூப்பிட்டார்கள் என்று ஓடிப்போய் எடுத்தால் ஒரு பெரியவர் குரல். காஜாவின் மாமு பேசுவதாகச் சொல்லி, "காஜா மௌத்தாயிட்டான், நம்மள விட்டுப் போயிட்டான் தம்பி" என்றது. குரலை மாற்றிப் பேசி ஊரையே ஏமாற்றுகிறவன் நான். என்னிடமேவா? "குரல் பிரமாதம் மாப்ள, அழுகைதான் கொஞ்சம் பத்தல" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. நான் சிரித்து முடிக்கும்வரை அந்த மனிதர் காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: அத்தா தைத்த ஸ்கூல் யூனிபாரங்களைக் கொடுக்கச் சைக்கிளில் போயிருக்கிறான், அழகர்கோவில் ரோட்டில் ஒரு வேன். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் எடுக்கிறோம், வந்துவிடுங்கள் என்றார்.

சிம்மக்கல் மாடி கம்ப்யூட்டர் சென்டரில் நம்மோடு கேட் படித்த எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். சார்தான் எழுதச் சொன்னார். நம்ம பேட்ச்சில் வாய் உள்ளவன் நான்தானாம். வாய் இருக்கிறது சார். அது அந்தப் போனிலேயே நின்றுபோய்விட்டது.

கேட் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா, "யாரைக் கேட்டு?" என்றார். கம்ப்யூட்டரில் வீட்டுப் பிளான் வரைகிற படிப்பு என்று விளக்கி, ஒருவழியாக வந்து சேர்ந்தேன். வந்தால் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். சார் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து, "காஜா, ராஜா, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காருங்க, கூப்பிட வசதியா இருக்கும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தவன் தெற்குவாசலில் டெய்லர் கடைக்காரர் மகன் என்று தெரிந்ததும் எனக்கு வாய் அரித்தது. சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டைக்குத்தானே காஜா என்று பெயர்? "டெய்லர் வீட்டுல பொறந்தவனுக்கு காஜான்னு பேரா? அப்ப தம்பி பேரு பட்டனா?" என்றேன். அவன் கோபப்படவில்லை. "தம்பி இல்ல, தங்கச்சி. அவளுக்கு என்ன பேர் பொருந்தும்னு யோசிச்சுட்டு நாளைக்கு வந்து சொல்லு" என்றான். இன்றுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ். அதனால் கீபோர்டு என் பக்கம். நூல் கோர்க்கிற வீட்டுப் பிள்ளை அவன், கை ஆடாது. மௌஸ் அவன் பக்கம். யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. கோடு போட எல், வட்டத்துக்கு சி என்று நான் தட்டத் தட்ட, எங்கே என்று அவன் கிளிக் பண்ணுவான். சுவர், ஜன்னல், படிக்கட்டு எல்லாவற்றையும் நம்ம பேட்ச்சில் முதலில் முடிப்பது நாங்கள்தான். "ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி வரையிறானுங்கடா" என்று சார் மற்றவர்களிடம் சொல்லிக்காட்டுவார். மாதிரி எல்லாம் இல்லை சார். ஒரே ஆள்தான்.

ஒருநாள் அவன் வருவதற்குமுன் மௌஸைக் கவிழ்த்து, உள்ளே இருக்கிற உருண்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். காஜா வந்தான். மௌஸை நகர்த்தினான், திரையில் ஒன்றும் அசையவில்லை. கவிழ்த்து வயிற்றைப் பார்த்தான். "முட்டை போட்டுருச்சா? சரி, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் நீயே வரைஞ்சுட்டு இரு" என்று டீ குடிக்கப் போய்விட்டான். எழுந்து கத்துவான் என்று பின்வரிசையே காத்திருந்தது. கீபோர்டை வைத்துக்கொண்டு நான் மட்டும் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் திரும்புவதற்குள் உருண்டை உள்ளே போய்விட்டது.

வரைந்து முடித்த எதையும் அவன் உடனே பிரிண்டுக்கு விடமாட்டான். ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பார்ப்பான். தூரத்திலிருந்து பார்க்கும்போது சேர்ந்திருக்கிற இரண்டு கோடுகள் கிட்டே போனால் சேர்ந்திருக்காது, நடுவில் ஒரு மயிரிழை இருக்கும். "தையல் விட்டிருக்கு பாரு" என்பான். பேப்பரில் யாருக்கும் தெரியாதுடா, விடுடா என்று நான் கத்துவேன். "தெரியாதுதான். பார்த்துட்டு பார்க்காத மாதிரி இருக்க எனக்கு வராது மாப்ள" என்பான். அந்த வார்த்தையை அவன் மாதிரியே இழுத்துச் சொல்லிக்காட்டி உங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். அவனும் சிரிப்பான்.

பரீட்சைக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள்தான் என்று சார் சொன்ன அன்றுதான் அவன் முகம் மாறியது. பாஸ் பண்ணினால் கோரிப்பாளையத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் எடுத்துக்கொள்வதாக அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். டீக்கடையில் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "நமக்கு ஆளுக்குப் பாதிதான் தெரியும் மாப்ள. நீ இல்லாம எனக்கு ஒரு கதவு போட வராது. நான் இல்லாம உனக்கும் வராது." அப்படியானால் ஆளுக்குப் பாதி சர்டிபிகேட் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்றேன். அதற்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து இடம் மாறி உட்காரலாம் என்றான். சரி என்றேன். அதற்கு முந்தின நாள்தான் அந்த போன்.

பள்ளிவாசலுக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். தூங்குகிற மாதிரி இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். இல்லை. காஜா தூங்கினால் வாய் திறந்திருக்கும், தியரி கிளாசில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு அவன் வலது கையை ஒருமுறை பார்க்க வேண்டும்போல இருந்தது. அது கபன் துணிக்குள் இருந்தது. இதையெல்லாம் போய் யாரிடம் கேட்பது?

போன வாரம் காஜாவின் அத்தா சென்டருக்கு வந்தார். அவனுடைய ஸ்கேலையும் பிளாப்பியையும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டவர் கிளம்பவில்லை. "இங்க வந்து என் மகன் என்னதான் செய்வான் தம்பி? அவன் சொல்லுவான், எனக்கு விளங்காது. கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார். என் இடத்தில் உட்கார்ந்தேன். அளவுகளை எண்ணாகத் தட்டியே நான்கு சுவரையும் எழுப்பிவிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கு. வாசல் எங்க?"

வாசலுக்குச் சுவரை வெட்ட வேண்டும். அதற்கான எழுத்தைத் தட்டினேன். எந்தக் கோட்டை என்று கம்ப்யூட்டர் கேட்டது. கேட்டுவிட்டு, ஒரு சின்னக் கட்டத்தைத் திரை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வலது பக்கத்திலிருந்து கை வரும் என்றுதான் காத்திருந்தேன். வரவில்லை. அவன் செத்துப்போனது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. பள்ளிவாசலில் மண் போட்டபோதுகூடத் தெரியவில்லை.

"என்னாச்சு தம்பி?"

"இது காஜா பக்கம் மாமா. எனக்கு இது தெரியாது."

அவர் வலப்பக்க நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். போய் உட்கார்ந்து மௌஸைப் பிடித்தேன். அது ஒரு இடத்தில் நிற்காமல் ஓடியதில் வாசலுக்குப் பதில் பக்கத்துச் சுவரே காணாமல் போனது. யு தட்டி அதைத் திரும்ப வரவழைத்தேன். இரண்டாவது தடவையும் சுவர்தான் போனது. "முழங்கைய மேசையில ஊன்றிக்கங்க" என்றார் அவர். ஊன்றினேன். வாசல் விழுந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "இம்புட்டு வேலை இருக்கா இதுல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. காஜாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வலப்பக்க நாற்காலிதான். தினமும் அதில் உட்கார்ந்து கதவுகளாக வெட்டிக்கொண்டிருக்கிறேன், பாதி கோணல். என் பழைய இடம் காலியாக இருக்கிறது. புது பேட்ச்சிலிருந்து ஒரு பையனை அங்கே போடட்டுமா என்று சார் கேட்டார். போடுங்கள் என்றேன். வருகிறவன் யாராக இருந்தாலும், முதல் நாளே இடம் மாறி உட்காரச் சொல்வேன்.