மதுரை தூரத்து அமெரிக்கா

மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அமெரிக்கா புறப்பட்டபோது, அது ஒன்றும் பெரிய தூரம் இல்லை, மதுரை தூரம்தான் என்று எதிர்வீட்டு மதினியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். டிக்கெட்டில் பெங்களூரில் ஏறுவது மதியம் இரண்டு, அங்கே இறங்குவது சாயங்காலம் ஐந்து என்று போட்டிருந்தது. தேதியும் அதே தேதி. ஐந்தாவது வரை படித்தவளுக்கு இந்தக் கழித்தல்கூடவா வராது? சங்கரன்கோவிலிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகிற நேரம்.

மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிரிப்பானே என்று கேட்கவில்லை. என் கூச்சம் அப்படி. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியைத் திறந்துவிடச் சொல்ல நான் வாய் எடுப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

மதுரை பஸ் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். பாதி வழியில் நிறுத்தச் சொல்லி கண்டக்டரிடம் எந்த முகத்தோடு கேட்பது? எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்கள் இப்படித்தான் பஸ் ஏறுவோம். விமானத்திலும் அப்படியே ஏறினேன்.

ஜூஸ் வந்தது, வேண்டாம் என்றேன். தண்ணீர் வந்தது, அதற்கும் தலையாட்டினேன். பக்கத்து இருக்கையில் கடையநல்லூர்ப் பெண் ஒருத்தி. மகன் வீட்டுக்கு இரண்டாம் தடவையாகப் போகிறவள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, அம்மனுக்கு விரதமா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அப்புறம் சாப்பாட்டுத் தட்டு வந்தபோது அவளே கையைக் காட்டி என் தட்டைத் திருப்பி அனுப்பினாள். நல்ல மனசுக்காரி. சோற்று வாசனை என்னைத் தாண்டிப் பின்னால் போனது.

மூன்று மணி நேரம் போனது. விமானம் இறங்கவில்லை. வெளியே இருட்டு வேறு. எதிரே சின்ன டிவியில் இன்னும் போக வேண்டிய கிலோமீட்டர் ஐந்து இலக்கத்தில் நின்றது. மதுரை ரோட்டு மைல்கல்லில் நான் மூன்று இலக்கத்துக்கு மேல் பார்த்ததில்லை. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

"நாம இறங்குத ஊரு தாண்டிட்டோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட அரை நாளுக்கும் மேலே பிந்தி ஓடும், டிக்கெட்டில் போட்டிருப்பது அந்த ஊர் மணி, இனிமேல் ஒரு ராத்திரி கழிந்து திரும்பவும் விடிந்த பிறகுதான் இறங்குவோம் என்றாள். எனக்குத் தலை சுற்றியது. பிள்ளை பெறப்போகிறவளைப் பார்க்க வந்தவள் அவள் பக்கத்தில் இன்னொரு கட்டிலில் படுத்தால் எப்படி இருக்கும்? அப்போதும் விரதம் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மனையல்லவா இழுத்து வைத்திருக்கிறேன்.

அவள் ஜன்னலைக் காட்டினாள். "பொழுது அடைஞ்சிட்டுக்கா. விரதத்த முடிச்சுக்கிடுங்க."

பையிலிருந்து பேரீச்சம்பழமும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துத் தந்தாள். பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து, "வாங்க, நானும் அங்கனதான் போறேன்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டபோது காதோரம் குனிந்து சொன்னாள்: "திரும்பி வரும்போது அம்மன இழுக்காதிய. தண்ணி குடிச்சிட்டே ஏறுங்க."

பேத்தி பிறந்த சேதி சொல்ல ஊருக்குப் போன் போட்டேன். மதினி சந்தோஷப்பட்டுவிட்டு, மதுரை தூரம்தானே என்று கேட்டாள்.

"மதுரையத் தாண்டிக் கொஞ்சம் போகணும் மதினி" என்றேன்.