பங்குனியில் விட்ட தண்ணீர்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல் சூளை, திருப்பூர் பனியன் கம்பெனி, மலையில் தேயிலைத் தோட்டம், லாரியில் கிளீனர் என்று போய்க்கொண்டே இருந்தேன். சோறு கிடைத்த இடமும் உண்டு, கிடைக்காத இடமும் உண்டு. வேலை பிடிக்காமல் கிளம்பியதைவிட, பிடித்துப்போன பிறகு கிளம்பியதுதான் அதிகம். ஏன் என்று கேட்டால் தெரியாது. பஸ் சத்தம் கேட்டால் கால் ஒரு இடத்தில் நிற்காது.

கல்யாணத்துக்குப் பிறகு மனைவியும் கூடவே அலைந்தாள். முக்கூடல்காரி. ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள். திசையன்விளைக்குத் தெற்கே ஒரு முருங்கைத் தோட்டத்தில் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுத் தை மாதத்தில் போனோம். பம்புசெட் ரூமில் சாமான்களை இறக்கி வைத்ததும் சொன்னாள்:

“இதுதான் கடைசி. இங்கன இருந்தும் கிளம்புனீங்கன்னா நீங்க ஒரு பஸ்ஸுல போங்க. நான் முக்கூடல் பஸ்ஸுல போயிக்கிடுதேன்.”

சிரிக்காமல்தான் சொன்னாள். நான் எப்போதும் போல என் ரெக்சின் பையை ஆணியில் மாட்டினேன். அதற்குள் ஒரு சட்டையும் இடுப்பில் கட்ட ஒரு சாரமும் எப்போதும் இருக்கும்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரர் திருநெல்வேலியில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. விளைச்சலில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. “ஒரு பூ பார்ப்போம் வே. காய் பிடிச்சா இருங்க. இல்லன்னா காத்தாடிக்காரன் இடம் கேட்டுக்கிட்டே இருக்கான், குடுத்துருவேன்” என்றார். ராதாபுரம் போகும் வழியெல்லாம் மின்சாரக் காற்றாடிகள் நின்று சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் தோட்டத்தில் இன்னும் ஒன்று நிற்பதற்கு யாரும் வருத்தப்படப் போவதில்லை.

மாசியில் முருங்கை பூத்தது. இலை மஞ்சளாகிக் கொட்டக் கொட்டக் கிளை நுனியெல்லாம் வெள்ளை. காலையில் போய் நின்றால் தேனீ இரைச்சலில் பக்கத்தில் பேசுவது கேட்காது. அடுத்த தோட்டத்து அக்கா வேலியோரம் வந்து சொல்லிவிட்டுப் போனாள்: “பூ நிக்கிற வரைக்கும் மோட்டர் பக்கம் போவாதீங்க. மரம் வாடட்டும். வாடுனாத்தான் பிஞ்சு பிடிக்கும்.”

என் மனைவிக்கு அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அவள் ஊரில் பங்குனி என்றால் பிசான நெல் அறுத்துக் களத்தில் கிடக்கும், வாய்க்காலில் பிள்ளைகள் குதிக்கும். இலை வாடினால் மடையை எவனோ அடைத்துவிட்டான் என்றுதான் அங்கே அர்த்தம். ஓடிப்போய்த் திறந்துவிடுவார்கள். இங்கே செம்மண் கொதிக்கிறது, மரம் தலை தொங்கி நிற்கிறது, மோட்டார் கைக்கெட்டும் தூரத்தில் சும்மா கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு சோறு பொங்க அவளால் முடியவில்லை.

பங்குனியில் ஒரு நாள் நான் ராதாபுரத்துக்குப் பந்தல் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். தோட்டத்துக்கு வெளியே வரும்போதே ஈர மண் வாசம். முழங்கால் வரை செம்மண் அப்பிக்கொண்டு நின்றாள். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

“பாவம்ங்க. கருகிப் போயி நின்னுச்சு. வயிறு நெறையக் குடுத்துட்டேன்.”

அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மூன்று நாளில் தரை வெள்ளையானது. மரத்தில் இருந்த பூ மண்ணுக்கு வந்துவிட்டது. தண்ணீர் குடித்த மரம் தளதளவென்று இலை விட்டு நின்றது. பூ காம்பிலிருந்து தானாகக் கழன்று விழுந்துகொண்டே இருந்தது. அடுத்த தோட்டத்து அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“ஏளா, மரத்துக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுனியோ? சாம்பிராணியும் போட்டிருக்க வேண்டியதான?”

“போட்டிருப்பேன் மயினி. வீட்டுல இல்ல.”

அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். பிறகு வந்து, உதிர்ந்த பூவைச் சுளவு முறத்தில் அள்ளி, மண் போக அலசி, பொரியல் வைத்தாள். ஒரு வாரம் அதுதான் எங்களுக்குச் சாப்பாடு. நன்றாகவே இருந்தது.

அக்கா கெட்டவள் இல்லை. மறுநாள் எனக்கு ஆறுதல் சொன்னாள். “மனுசனும் அப்படித்தான் தம்பி. வாடுனவந்தான் பூப்பான். சர்ச்சுல பாதிரி ஐயரு பிரசங்கத்துல சொன்னாரு.”

நான் தலையாட்டினேன். ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் வேண்டிய மட்டும் வாடியிருக்கிறேன். மழைக்காலத்தில் சூளை நின்றுபோய் வெறும் கஞ்சித் தண்ணீரில் கிடந்திருக்கிறேன். ஒன்றும் பூக்கவில்லை, இடுப்பு வலிதான் வந்தது. என்னோடு கிடந்தவர்களில் வாடியே செத்துப்போனவர்களும் உண்டு. முருங்கை வாடினாலும் வேரோடு ஓரிடத்தில் நிற்கிறது. போன மழையில் குடித்ததை உள்ளே வைத்திருக்கிறது. அதனால் அது வாடலைத் தாங்கும். என்னை நானே அடிக்கடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், போன ஊரிலெல்லாம் பூவைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊரிலும் காய் பறித்ததில்லை.

இதெல்லாம் புரிந்தும், அண்ணாச்சி வருகிறார் என்று போன் வந்ததும் துவைத்த துணியைப் பைக்குள் எடுத்து வைத்தேன். அவள் பார்த்தாள்.

சித்திரை வெயிலில் அண்ணாச்சி தோட்டத்தைச் சுற்றி வந்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய் தொங்கியது. நான் வாயைத் திறக்கும் முன்னே அவள் சொல்லிவிட்டாள்:

“நாந்தான் தண்ணி விட்டேன் அண்ணாச்சி. அவங்க ஊருல இல்ல.”

“வாய்க்காக் கரைப் பொண்ணுன்னு முன்னாலயே சொல்லிருந்தா, மோட்டர் பீஸ் கட்டைய நான் கையோட கொண்டு போயிருப்பேம்லா.”

“ஆவணியில இன்னொரு பூ வரும்னு அடுத்த தோட்டத்து மயினி சொல்லுதா. அது வரைக்கும் விடுங்க. சுவிச்சுப் பெட்டிக்குப் பூட்டு போட்டு, சாவிய முந்தியில முடிஞ்சுக்கிடுதேன்.”

“நீ பூட்டுனா நீதான தெறப்ப?”

“தெறந்தா நானே காத்தாடிக்காரனுக்குப் போன் போட்டுக் குடுக்கேன்.”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி என் பக்கம் திரும்பினார். “நீரு என்ன சொல்லுதீரு வே? இருப்பீரா?”

திறந்திருந்த ரூம் கதவு வழியே, ஆணியில் பை புடைத்துக்கொண்டு தொங்குவது தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இருப்பேன்” என்றேன். யாரிடமும் அதுவரை சொல்லியிராத வார்த்தை.

ஆடியில் காற்று பேயாக அடித்தது. சோற்றில் மண், கண்ணில் மண். மெயின் ரோட்டில் போகிற பஸ் சத்தத்தைக் காற்று தூக்கிக்கொண்டு வந்து கதவில் போட்டது. நான் வேலியைக் கட்டினேன், குழி வெட்டினேன், கட்டின வேலியையே இன்னொரு முறை கட்டினேன். காற்று தணிந்து ஆவணியில் பூ வந்தது. மரம் வாட ஆரம்பித்ததும் அவள் சாயங்காலங்களில் தோட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட வாசலிலிருந்த மிளகாய்ச் செடிக்குத்தான் ஊற்றினாள். முந்தியில் சாவி முடிச்சு அழுக்கேறியது.

ஒரு காலையில் பூ காய்ந்த இடத்தில் பச்சை நூல் மாதிரி பிஞ்சு தொங்கியது. பக்கத்துக் கிளையிலும் இருந்தது. அக்கா வேலியோரம் வந்து பார்த்தாள். “இப்போ விடலாம்ளா. பையப் பைய விடு.”

அவள் முடிச்சை அவிழ்த்துச் சாவியை என்னிடம் நீட்டினாள். “நீங்க போடுங்க. எனக்குக் கை நிக்காது.”

நான் மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நிறுத்தினேன். அவள் இன்னும் கொஞ்சம் என்பதுபோல் பார்த்தாள், கேட்கவில்லை.

காய் பறித்து அண்ணாச்சி பங்கை அனுப்பிய மறுநாள் அவள் முக்கூடலுக்குப் போனாள், அம்மாவைப் பார்க்க. சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தாள். ஆணியில் பை இல்லாததை நான் அப்போதுதான் கவனித்தேன். என் சட்டையும் சாரமும் கொடியில் தொங்கின. பை அவள் கையில் இருந்தது, முருங்கைக்காய் நீளத்துக்கு ஓரத்தில் கிழிந்து.

“அம்மாவுக்குக் கொண்டு போன காய் உள்ள அடங்கல. பிஞ்சிருச்சு” என்றாள்.

“தைக்கணுமா?”

“எதுக்கு?” என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போனாள்.