மழை வந்ததும் ஊரே விரதம்

சத்துணவு அமைப்பாளர் வேலை என்பது வெயில் காலத்தில் முட்டையை எண்ணுவது, மழைக்காலத்தில் மனிதர்களை எண்ணுவது. முட்டையை எண்ணுவது சுலபம், அது இடம் மாறாது, பக்கத்து முட்டையோடு சண்டை போடாது. நிவாரண முகாம் நடத்தியவர்கள், ஒன்றிய அலுவலகத்தில் மழை டியூட்டி பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள். நாம் ஒரே ஜாதி.

நான் சொல்வது 1991 தீபாவளிக்குப் பிறகு பிடித்த மழை. பிள்ளைப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வேலை பார்த்தேன். கம்பெனிகள் எங்கள் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, மனை விற்கிறவர்கள்தான் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. அந்தத் தண்ணீர் நேராக, ஊர்த் தெருக்களிலேயே பள்ளமான கீழ்த் தெருவுக்கு வந்தது. தெருவைக் காலி செய்து, மக்களைப் பத்திரமாகத் தங்க வைத்து, மூன்று வேளையும் சோறு போடும்படி ஒன்றிய அலுவலகத்திலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். மணிமங்கலத்தில் இருக்கும் என் வீட்டுக்கே பஸ் இல்லை, நானே முகாமில் சேர வேண்டிய ஆள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

தண்ணீருக்குத் தெரிந்தது

கீழ்த் தெருவில் யாரைக் கூப்பிட்டாலும் பக்கத்து வீட்டைக் கை காட்டினார்கள். அவர்கள் கிளம்பினால் நாங்களும் கிளம்புகிறோம் என்றார்கள். அப்படியே கை காட்டிக் காட்டிக் கடைசியில் நடேசன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன். நடேசன் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். அந்த வருஷம் பதவிக்காலம் முடிந்து எல்லாமே தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. ஆனால் ஊருக்கு அவர் இன்னும் பிரசிடெண்ட்தான், அவருக்கும் அப்படித்தான்.

கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தன் தாத்தா காலத்திலிருந்து அந்த வாசப்படியைத் தண்ணீர் தாண்டியதே இல்லை என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியிலிருந்து மிதந்து கூடத்தைப் பார்த்துப் போனது. அவர் மனைவி தனம்மாள் தீபாவளிப் பலகார டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, பேத்தி செல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்டார். புருஷனைத் திரும்பிப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "எந்திரிச்சி வாங்க. உங்க பதவி போனது தண்ணிக்கும் தெரிஞ்சிபோச்சி."

மேடு

கிளம்பினார்கள், சரி. எங்கே கூட்டிப் போவது? பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம், வெளியே பெய்யும் மழையைவிட உள்ளே பெய்வது அதிகம். ஊரில் நனையாத கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது காலனியில் மேட்டின் மேல் இருந்த மாதா கோயில்.

அந்த மேட்டின் கதையும் வேடிக்கைதான். எந்தக் காலத்திலோ நிலம் பிரித்தபோது, ஏரித் தண்ணீர் பாயும் நல்ல நஞ்சையை ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டு, புல்லும் முளைக்காத கல் மேட்டைக் காலனிக்கு ஒதுக்கினார்கள். வருஷத்தில் பதினோரு மாதம் அது அவர்களுக்கு லாபமான ஏற்பாடு. மழை மாதத்தில் மட்டும் கல் மேடு கல் மேடாகவே இருந்தது, நஞ்சை ஏரியாகிவிட்டது.

எண்பது பேரும் கோயில் வாசல்வரை வேகமாக வந்தார்கள். வந்தவர்கள் அங்கே நின்றுவிட்டார்கள். மழை கொட்டுகிறது. நீங்கள் முதலில் போங்கள் என்று இவர், இல்லை நீங்கள் பெரியவர் என்று அவர். வரப்புத் தகராறில் பத்து வருஷம் பேசாமல் இருந்த பங்காளிகள்கூட அன்று ஒருவருக்கொருவர் வழி விட்டார்கள். அவ்வளவு மரியாதையை அந்த ஊரில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கதவைத் திறந்துவிட்டு, பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, பாயும் விரித்துவிட்டு வந்து சொன்னார்: "செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க. வேற எதுனா வுடணும்னாலும் அங்கியே வுடலாம்."

பக்தி

ஆரோக்கியத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். என் மையத்தின் சமையல்காரி. காலனிப் பெண், என்னைவிடச் சின்னவள், சாம்பாரை மூக்கால் ருசி பார்ப்பவள். வேலைக்கு வந்து ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் வந்த நாளிலிருந்தே ஊர்த் தெருப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டிலிருந்து தூக்கில் சாப்பாடு வர ஆரம்பித்தது. அந்த இடத்தில் தன் மைத்துனியைப் போட வேண்டும் என்று நடேசன் ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தார். ஆரோக்கியத்தின் புருஷனுக்குச் செங்கல் சூளையில் வேலை. மழை வந்தால் சூளை மூடிவிடும், அப்புறம் அந்த வீட்டில் இவள் சம்பளம்தான் சம்பளம்.

கோயிலுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி, ஈர விறகோடு மல்லுக்கட்டி, அண்டா நிறையச் சோறும் சாம்பாரும் ஆக்கி இறக்கினாள். நான் உள்ளே போய்ச் சாப்பிடக் கூப்பிட்டேன். பிள்ளைகள் மட்டும் தட்டோடு வந்தார்கள், பெரியவர்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நடேசன்தான் ஆரம்பித்து வைத்தார். கந்த சஷ்டியாம், விரதமாம். உடனே பக்கத்தில் இருந்தவருக்கும் சஷ்டி ஞாபகம் வந்தது. அது பாய்க்குப் பாய் தாவிப் பத்து நிமிஷத்தில் சுவர்வரை போய்விட்டது. ஒரு அம்மாளுக்கு வெள்ளிக்கிழமை விரதம். அன்று செவ்வாய் என்றேன், அதுவும் உண்டு என்றார். ஒருவருக்கு டாக்டர் சோறே கூடாது என்று சொல்லியிருந்தார், எந்த டாக்டர் என்று கேட்டதற்குத் தாம்பரத்துப் பக்கம் கை காட்டினார். காரணத்தை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பலகார டின்னைத் திறந்தார்கள். முறுக்கு விரதத்தில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. முழுசாக ஒரு தட்டு முறுக்கை முடித்துவிட்டு, கடைசி வரிசையில் இருந்த ஒருவர் தன் நிலையை எனக்குத் தெளிவுபடுத்தினார்: "நான் கார்த்திகையில ஐயப்பனுக்கு மாலை போடப்போறேன் டீச்சர். இப்பவே பழகிக்கினு கீறேன்."

சுலபமான வழி

மறுநாள் ஆர்.ஐ. ஜீப்பில் வந்தார். வருவாய் ஆய்வாளர், எங்களுக்கு அவர்தான் அரசாங்கத்தின் முகம். எண்பது பேருக்கு அரிசி போயிருக்கிறதே, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டார். பிள்ளைகள் முப்பது பேர், நான், உபதேசியார், ஆரோக்கியம் என்றேன். நடேசன் அவரைத் தனியாக ஓரம் கட்டி, மக்களின் மனம் நோகிறது, சமையலுக்கு வேறு ஆள் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், ஆள்கூடத் தயாராக இருக்கிறது என்று மழைச் சத்தத்துக்கு மேல் ரகசியம் சொன்னார்.

ஆர்.ஐ. கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவருக்கு இன்னும் எட்டு முகாம்கள் பாக்கி இருந்தன, சட்டையும் நனைந்திருந்தது. பட்டினி முகாம் என்று பேப்பரில் வந்துவிட்டால் தன் தலை போய்விடும் என்றார். சமைப்பதில் என்ன குறை என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பத்து எட்டுத் தூரத்தில் விறகு ஊதிக்கொண்டிருந்த ஆரோக்கியத்துக்கு எல்லாமே காதில் விழுந்திருக்கும். ஜீப்பில் ஏறும்போது ஆர்.ஐ. என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்: "வெள்ளிக்கிழமை வருவேம்மா. அதுக்குள்ள அவங்கள சாப்பிட வைங்க, இல்லன்னா ஆள மாத்துங்க. எது சுலபமோ அதச் செய்ங்க."

மனை பார்க்க வந்தவர்

அன்று மத்தியானம் ஒரு கார் சேற்றில் மாட்டியது. மனைத் தரகர் ஒருவர் சென்னையிலிருந்து ஒரு கணவன் மனைவியைக் கூட்டி வந்திருந்தார். இந்த மழையிலா என்று கேட்காதீர்கள். அட்வான்ஸ் கொடுக்க ஆள் கிடைத்தால் அவர் படகிலும் கூட்டி வருவார். மேட்டில் நின்றுகொண்டு, எதிரே தெரிந்த ஏரியும் ஏரியாகிவிட்ட வயலுமாகக் கிடந்த பரப்பில் குடையை நீட்டி, அதோ அந்தக் கொக்கு நிற்கிற இடம்தான் உங்கள் கார்னர் பிளாட் என்றார். கொக்கு பறந்து வேறு பிளாட்டுக்குப் போயிற்று.

காரை இழுக்கும்வரை அவர்களும் கோயிலுக்குள் வந்து சாப்பிட்டார்கள். பட்டணத்து அம்மாள் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கி, ஆரோக்கியத்திடம் பக்குவம் விசாரித்தார். எண்பது பாய்களும் அந்தத் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கணவர் சங்கடப்பட்டு நடேசனிடம் நீங்கள் சாப்பிடவில்லையா என்றார். விரதம் என்றார் நடேசன். மொத்த ஊருக்குமா என்றார் அவர். நடேசன் பதில் தேடுவதற்குள் தரகர் புகுந்துவிட்டார்: "ரொம்ப பக்தியான ஏரியா சார். அக்கம்பக்கம் நல்ல ஆளுங்க."

நாலு ஆள் சோறு தின்னும் பிள்ளைகள்

இரண்டாம் நாளோடு பலகார டின்கள் காலி. மூன்றாம் நாள் ஒரு அதிசயம் நடந்தது. பிள்ளைகளின் பசி திடீரென்று வளர்ந்துவிட்டது. முந்தின நாள்வரை தட்டோடு வந்த குழந்தை தூக்குச்சட்டியோடு வந்தது. தூக்குச்சட்டியோடு வந்தது குண்டானோடு வந்தது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போன சோற்றை அவன் தின்றிருந்தால் அன்றே பத்தாம் வகுப்புக்குப் போயிருப்பான். வாங்கிய சோறெல்லாம் பீடத்துக்குப் பின்னால், புடவை கட்டி மறைத்த மூலைக்குப் போனது. அங்கிருந்து ரொம்ப நேரம் பக்தர்கள் மெல்லும் சத்தம் வந்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மறைவில் தின்ற சோறு யார் வாயிலும் வார்த்தையாக வராது. வெள்ளிக்கிழமை ஆர்.ஐ. கேட்டால் எல்லாரும் மறுபடியும் விரதம் என்பார்கள், ஆரோக்கியம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை அவளிடம் சொன்னேன். தெரியும் டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவினாள். அப்போது நடேசன் பேத்தி செல்வி நாலு அடுக்குக் கேரியரோடு வந்து நின்றாள். ஆறு வயது, பொய் சொல்ல இன்னும் யாரும் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பித்தாள்: "கொழம்ப தனியா ஊத்துவியாம். காலையில காரம் ஜாஸ்தியாம், தாத்தா சொல்லச் சொல்லிச்சி."

ஒருசந்தி

வெள்ளிக்கிழமை விடிந்தது. மழை விடவில்லை. ஆரோக்கியம் தலை குளித்து, முக்காடு போட்டு, ஜெபமாலையோடு கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன். எல்லார் காதிலும் விழும்படி, சாதாரணமாகச் சொன்னாள். "இன்னிக்கி எனக்கு ஒருசந்தி டீச்சர். உங்களுக்கு விரதம்னா எங்களுக்கு ஒருசந்தி. பெரியவங்க எல்லாரும் விரதம், நானும் விரதம், எதுக்கு அரிசிய வீணாக்கணும்? புள்ளைங்களுக்கு மட்டும் சின்ன சட்டியில ஆக்கறேன்."

அப்படியே செய்தாள். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, அங்கேயே பரிமாறி, அங்கேயே சாப்பிட வைத்தாள். பாத்திரத்தோடு வந்தவர்களின் பாத்திரத்தை வாங்கி ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள். செல்வி மட்டும் கேரியரை விடாமல் கட்டிக்கொண்டு தாத்தாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தாத்தா ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சாம்பாரை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நாலு நாள் விரதத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் உண்மையாகவே பசித்தது அவர்களுக்கு.

சமைக்கவே இல்லை என்று ஆர்.ஐ. இவளை அனுப்பிவிட அவளே வழி செய்துவிட்டாளே என்று பயந்தேன். நினைத்த நேரத்தில் ஜீப்பும் வந்து நின்றது. ஆர்.ஐ. உள்ளே வந்து, கவிழ்ந்து கிடந்த பெரிய அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடேசன் வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். நான் அன்னைக்கே சொன்னேன் சார், இந்த ஆளை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சிரமம் என்று தொடங்கினார்.

தனம்மாள் அவரைத் தாண்டிக்கொண்டு போனார். மூன்று நாளாகப் புருஷன் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மனுஷி. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே படிக்குப் போய், ஆர்.ஐ. எதிரிலேயே, ஆரோக்கியத்துக்கு முன்னால் நீட்டினார்: "முருகன் கிட்ட நான் பேசிக்கறேன் ஆரோக்கியம். நீ அண்டாவ ஏத்து. நேத்து ஆக்கி எங்களுக்குப் போட்டியே, அதே மாதிரி ஆக்கு."

நேத்து என்ற வார்த்தையில் நடேசன் உட்கார்ந்துவிட்டார். ஆர்.ஐ. கண்ணாடியைத் துடைக்காமலே எல்லாவற்றையும் பார்த்தார், ஆளை மாற்றுவது பற்றி அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. ஆரோக்கியம் ஜெபமாலையை முத்தமிட்டு இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பிரசிடெண்ட் கடைசி ஆளாக வந்து, முகத்தைக் கூரைப் பக்கம் வைத்துக்கொண்டு தட்டை நீட்டினார். அவள் ஒரு கரண்டி சேர்த்தே போட்டாள். மழை நின்று ஊர் வடிந்த பிறகு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மறுபடியும் வீட்டிலிருந்து தூக்குச் சாப்பாடு வந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் செல்வி பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டாள், ஆரோக்கியமும் நான் மாற்றலாகிப் போகும்வரை அந்த அடுப்படியிலேயே இருந்தாள்.

அந்த மழைக்கு எங்கள் ஊருக்கு வந்த நிவாரணங்களிலேயே பாரபட்சம் பார்க்காமல் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது பசி ஒன்றுதான்.