சலவைக்கடையில் ஓடும் மொழி

என் வீட்டுக்காரர் ஒரு கணினி மொழி எழுதியிருக்கிறார். ஒன்பது வருட உழைப்பு. எங்களுக்குத் தெரிந்து உலகத்திலேயே அதைப் பயன்படுத்தியவள் ஒரே ஒருத்தி, சலவைக்கடை வைத்திருக்கும் என் நாத்தனார். அவளும் கைவிட்டால் மொழிக்கு நாதியே இல்லை என்ற பயம் இவருக்கு எப்போதும் இருந்தது. பயப்படுகிற மனிதர் செய்கிற வேலையா இது என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த மொழியில் குளோஷர் என்று ஒன்று. 'துணி தயாரானதும் இந்த ஆளுக்குத் தகவல் அனுப்பு' என்ற சின்ன வேலையை, அந்த ஆளின் விவரத்தோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டால், நேரம் வந்ததும் அது தானாக நடக்கும். எனக்கே புரிகிறது. ஆனால் அதை மூன்று விதமாக எழுதலாம். அம்புக்குறி போடலாம், நெளி அடைப்புக்குள் எழுதலாம், 'செய்' என்று தொடங்கலாம். காலுறைக்கு ஜோடி தேடத் தெரியாதவருக்கு இந்த மூன்று மட்டும் கண்ணை உறுத்தியது.

முதலில் அடைப்பை ஒழித்தார். நாத்தனாரின் புரோகிராம் படுத்துவிட்டது. அவள் திருத்தி எழுதினாள். அடுத்து அம்பை ஒழித்தார், மறுபடி எழுதினாள். பிறகு அம்புதான் அழகு என்று அதைத் திரும்பக் கொண்டுவந்து, 'செய்'யைத் தூக்கினார். அன்று ஓட்டல் மேஜை விரிப்புகள் எல்லாம் தயாராகியும் தகவல் போகவில்லை. ஓட்டல்காரர் கடை வாசலில் நின்று கத்தினாராம். நாத்தனார் உடனே போன் செய்தாள்.

"அண்ணா, இதோட போதும். இனிமே என்னை விட்டுடு."

"ஒரே ஒரு இடம்தாம்மா பாக்கி. அதையும் மாத்திட்டா எல்லாம் ஒரே சீரா ஆயிடும்."

"சீரா இருந்தா துணி வெளுக்குமா?"

அதற்கப்புறம் இரண்டு வருடம் மொழியைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. இவரும் ரோஷத்தில் கேட்கவில்லை. தட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருப்பார். எரிச்சல் போய் எனக்குப் பாவமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கல்லாப் பக்கத்துக் கணினியில் பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒருவர் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் மொழிதான்" என்றாள் நாத்தனார், இஸ்திரி மேஜையிலிருந்து வந்து என் காதோரம். "நான்தான் கத்துக் குடுத்தேன் அண்ணி. இந்தத் தெருவுல பதினோரு கடையில ஓடுது."

இவர் காதிலும் அது விழுந்துவிட்டது. எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஓடிப்போய்த் திரையைக் குனிந்து பார்த்தார். இவர் முதன்முதலில் எழுதிய பதிப்பு; நாத்தனார் அதற்கே திரும்பிப் போயிருக்கிறாள். அம்பு, அடைப்பு, 'செய்', மூன்றும் ஒரே பக்கத்தில்.

தையல்காரருக்கு இவர் யாரென்று தெரியாது.

"இதை எழுதினவரு பெரிய ஆளு சார்" என்றார். "எழுதிக் குடுத்ததோட சரி, அப்புறம் இதுல கையே வைக்கலை. அதான் இவ்வளவு நல்லா ஓடுது."

இவர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார். "விவரமான மனுஷன்."