மூன்று கால் ஸ்டாண்டு

மூன்று கால் ஸ்டாண்டு எதைக் கண்டாலும் கருத்தப்பாண்டிக்கு ஆகாது. கல்யாண வீட்டில் வீடியோக்காரர் ஸ்டாண்டை விரித்தால்கூடப் பாதிப் பந்தியில் எழுந்து வந்துவிடுவார். காரணம் இல்லாமல் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் நிலம் அளக்கிறவர்கள் இரண்டு பேர் அப்படியொரு ஸ்டாண்டை அவருடைய உளுந்துக் காட்டில் நட்டு, "சும்மா பாக்கோம் அண்ணாச்சி" என்றார்கள். இவரும் வெள்ளந்தியாக மோர் கொடுத்து அனுப்பினார். மறு வருஷம் நோட்டீஸ் வந்தது. நாலு ஏக்கரில் இரண்டைச் சாலை தின்றது.

அன்றிலிருந்து மனிதர் யாரையும் நம்புவதில்லை. விடிந்ததும் முதல் வேலை, மிச்ச நிலத்தின் எல்லைக்கல்லில் எவனாவது சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறானா என்று பார்ப்பதுதான்.

சங்கரன்கோவிலுக்கு வெளியே அவர் வீட்டு மாடியில் ராஜகுமாரி குடியிருந்தாள். தாலுகா ஆபீஸ் வேலை. அதுவே அவருக்கு ஓர் உறுத்தல். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். மூன்று கால் ஸ்டாண்டு. அதன்மேல் ஒரு வெள்ளைக் குழாய், அதன் முதுகில் இன்னொரு சின்னக் குழாய். பெரிய குழாயின் வாய் நேராக அவர் காட்டைப் பார்த்திருந்தது.

"என்னத்தம்மா அளக்குத?"

"அளக்கல அண்ணாச்சி. டெலஸ்கோப். நட்சத்திரம் பாக்க வாங்கினேன்."

"நட்சத்திரம் என் காட்டுலயா முளைச்சிருக்கு?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பெரிய குழாய் பாக்குத இடத்தையே இந்தச் சின்னக் குழாயும் பாக்கணும் அண்ணாச்சி. வெளிச்சம் இருக்கும்போதே தூரத்துல அசையாம நிக்கத ஒண்ணப் பாத்து, ஸ்குரூவத் திருகிச் சரிபண்ணிக்கிடணும். உங்க பனைதான் தோதா நிக்கு."

அசையாமல் நிற்க இந்த ஊரில் வேறு எதுவுமே இல்லையா? செல்போன் டவர் இல்லையா, கோபுரம் இல்லையா? பனை நின்றது அவர் நிலத்தின் எல்லையில். அளக்க வருகிறவன் எல்லையைத்தானே முதலில் பார்ப்பான்! கீழே கிடந்த நோட்டில் 25, 10 என்று எண்கள் வேறு. லென்ஸ் நம்பர் என்றாள்.

குனிந்து பார்த்தார். பனை தலைகீழாகத் தொங்கியது.

"இது அப்படித்தான் காட்டும். வானத்துல மேலென்ன, கீழென்ன அண்ணாச்சி?"

ரொம்பத்தான் சாமர்த்தியம். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினார். ஆனாலும் இறங்கவில்லை. தொட்டியடியில் உட்கார்ந்து காவல் காத்தார். இருட்டியதும் அவள் குழாயை அரை நிலாப் பக்கம் திருப்பிவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

வெள்ளை வெளேரென்று தரிசு. குழி குழியாக, எவனும் உழாத, வேலி போடாத, ஒரு கல்கூட ஊன்றாத நிலம். கருத்தப்பாண்டிக்குச் சந்தேகப்படவே மறந்துபோனது. அவ்வளவு சந்தோஷமாக அவர் எந்த நிலத்தையும் பார்த்து வருஷக்கணக்காயிற்று.

பிறகு மெதுவாகக் கேட்டார். "அங்கன ஆள் போயிருக்கில்லா?"

"ஆமா அண்ணாச்சி. அளந்து படமே போட்டாச்சு."

"ஸ்டாண்டு கொண்டு போனானுவளா?"

"கொண்டு போனாங்க."

அவர் கண்ணை எடுத்தார். "அப்ப அதுவும் போச்சு."

ராஜகுமாரி சிரிக்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் படிவரை போய்த் திரும்பினார்.

"உன்னக் காலி பண்ணச் சொல்லணும்னு இருந்தேன். நீ இரும்மா. அந்தப் பனைய மட்டும் இனிமே பாக்காத. ரெண்டே ஏக்கர்தான் இருக்கு."