வாடகையை மிஞ்சிய கரண்ட்

பெண் கொடுத்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே யோசிக்கிற வம்சம் இருசப்பனுடையது. அப்படிப்பட்ட மனுஷர், அறுபத்திரண்டாவது வயதில், ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டில் காலத்துக்கும் இருக்க வந்தார் என்றால், அவர் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடி அண்ணாமலையில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உண்டு. மனைவி போய் மூன்று வருஷமாகிறது. ஆண் பிள்ளை கிடையாது, அருணாதேவி ஒருத்திதான். கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு, நிலத்தைத் தம்பி வேடியப்பனிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, அவன் வீட்டிலேயே ஒரு மூலையில் கஞ்சி குடித்துக் கிடக்கலாம் என்றுதான் நினைத்திருந்தார். அருணாதேவி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் திருவண்ணாமலை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். புருஷன் பாலாஜி கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் மேனேஜர். அதுவரை ஒண்டுக் குடித்தனத்தில் ஒரே ரூமில் இருந்தவர்கள், அப்பாவை அழைத்து வருவதற்காகவே 2001 தை மாசம் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு தனி வீடு பார்த்துக் குடிபோனார்கள். வாடகை ஆயிரத்து இருநூறு. வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் காலி இடம், அதில் ஒரு போர், அதற்குள்ளேயே இறக்கிவிட்ட சத்தம் வராத மோட்டார், மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி.

பால் காய்ச்சிய அன்றைக்கே இருசப்பன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வீட்டில் தண்ணீர் தன் பொறுப்பு, யாரும் பின்பக்கம் வந்து சிரமப்பட வேண்டாம் என்று. சோற்றுக்கு ஈடாக ஏதாவது செய்தே தீர வேண்டும் என்ற வீம்பு. பாலாஜி நல்ல பையன், சரி மாமா என்று தலையாட்டினான்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் வேலைக்காரர். பதினைந்தே நாளில் அந்தக் காலி இடத்தைக் கொத்திப் பாத்தி கட்டிவிட்டார். ஒரு பக்கம் கத்திரி, ஒரு பக்கம் வெண்டை, சுவரோரம் முருங்கை, நடுவில் கீரை. தொட்டி நிறைந்து வழிகிற தண்ணீர் வீணாகக் கூடாதென்று ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி நேராக வாய்க்காலுக்கு இறக்கிவிட்டார். கீரை வாரத்துக்கு இரண்டு தடவை வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போயிற்று. அருணாதேவி பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களுக்கெல்லாம் கத்திரிக்காய் கொண்டுபோய்க் கொடுத்து, எங்க நைனா போட்டது என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

பங்குனிக் கடைசியில் கரண்ட் கணக்கெடுக்கிறவர் வந்து மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் கிறுக்கிவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து அட்டையைப் பார்த்த பாலாஜி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். பழைய ரூமில் நூற்றிருபதைத் தாண்டியதே இல்லை. வாடகையை விடக் கரண்ட் ஜாஸ்தி என்றால் எங்கேயாவது அடுக்குமா?

இருசப்பன் எதிரில் பாலாஜியும் அருணாதேவியும் சிரித்த முகமாகவே இருந்தார்கள். சாப்பாடு போட்டார்கள், கூட ஒரு கரண்டி ரசம் ஊற்றினார்கள். அப்புறம் உள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுவென்று பேசினார்கள். இருசப்பனுக்கு வார்த்தை காதில் விழவில்லை, தொனி மட்டும் விழுந்தது. அவருக்கு அது போதாதா? ரூமில் இருந்த வரைக்கும் நூற்றிருபது. தான் வந்த பிறகு ஆயிரத்து அறுநூறு. இதில் பேச என்ன இருக்கிறது என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். தன் தலைக்கு மேல் ஓடுகிற ஃபேன், தான் பார்க்கிற ஏழு மணிச் செய்தி, தன் ரூமில் எரிகிற குண்டு பல்பு எல்லாம் சேர்ந்துதான் இந்த வீட்டைக் குடிக்கின்றன என்று முடிவு கட்டினார். அடுத்த கணக்கும் இப்படியே வந்தால் பேசாமல் தம்பி வீட்டுக்குப் போய்விடுவது. மகளையும் மாப்பிள்ளையையும் கடன்காரர்களாக்கி விட்டு அந்த வீட்டில் என்ன சோறு வேண்டிக்கிடக்கிறது?

அன்று முதல் ஆரம்பித்தது பாருங்கள் ஒரு கெடுபிடி. சித்திரை வெயிலில் ஃபேன் போடாமல் விசிறி மட்டையோடு உட்கார்ந்தார். பல்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அருணாதேவி மாவு அரைக்கக் கிரைண்டர் போட்டால் பக்கத்தில் நின்று, மாவு ஆயிடுச்சா, ஆயிடுச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை சட்டைக்கு அயர்ன் பண்ணும்போது, காலர் மட்டும் தேய்த்தால் போதும், மீதியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசனை சொன்னார். சாமி படத்துக்கு மேலே இருந்த குட்டி பல்பைக்கூட விடவில்லை, சாமிக்கு எண்ணெய் விளக்கு போதும் என்றுவிட்டார்.

இத்தனை சிக்கனத்துக்கு நடுவில், கத்திரிச் செடி வெயிலில் வாடக்கூடாது என்று விடியலில் தோட்டத்துக்குப் போய் மோட்டாரைப் போட்டார் என்றால், படுக்கப் போகும்போதுதான் நிறுத்தினார். அப்போது நிறுத்தியதுகூடத் தண்ணீர் விழும் சத்தத்தில் தூக்கம் வராது என்பதால்தான்.

வைகாசிக் கடைசியில் இரண்டாவது கணக்கு வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.

இருசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஃபேன் இல்லை, விளக்கு இல்லை, டிவி இல்லை, அப்படியும் ஏறுகிறது என்றால் இது தன் ராசிதான் என்று நினைத்தார். திங்கட்கிழமை காலை பஸ் ஏறிவிடுவது என்று மனசுக்குள் நாள் குறித்தார். பாலாஜியோ, மீட்டரில்தான் கோளாறு என்று மின்சார ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

சனிக்கிழமை காலையில் மீட்டர் பார்க்க ஆதிமூலம் என்பவர் வந்தார். தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் டெஸ்டர், அவசரமே இல்லாத ஆள். வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அருணாதேவி ஓடி ஓடி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தாள். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். எல்லோரும் மீட்டர் முன்னால் கூடி நின்றார்கள். உள்ளே இருந்த சக்கரம் நிற்கவில்லை. சிவப்புக் கோடு போவதும் வருவதுமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

பாலாஜியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். யாரோ நம்ம லைனில் கொக்கி போட்டிருக்கிறார்கள் என்றான். இருசப்பனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம். திருடன் ஒருத்தன் இருக்கிறான் என்றால் தான் குற்றவாளி இல்லை அல்லவா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாங்க சார் நான் காட்டறேன் என்று அவரே முன்னால் நடந்தார். மீட்டரிலிருந்து கிளம்பும் ஒயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனார். அது வராந்தா ஓரமாகப் போயிற்று, ஜன்னலுக்கு மேலே ஏறிற்று, சுவரைச் சுற்றித் திரும்பிற்று, குளியலறையைத் தாண்டிப் பின்பக்கம் வந்து, அவர் தினமும் கை வைக்கிற மோட்டார் பெட்டிக்குள் போய் முடிந்தது.

இருசப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். திருடன் யாரையும் காணோம்.

"இங்க ஒண்ணும் இல்ல சார். வெறும் மோட்டாருதான் ஓடுது" என்றார்.

"எம்மா நேரமா ஓடுது பெரியவரே?"

"விடியக்காலைல இருந்து ஓடுது. அதுக்கென்ன, மோட்டாரு கரண்டுக்குத்தான் காசு கிடையாதே."

ஆதிமூலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னு யாரு சொன்னது?"

"சர்க்காரு சொல்லி பத்து வருசத்துக்கு மேல ஆவுது. தெரியாதா உங்களுக்கு?"

பொய் சொல்லவில்லை மனுஷர். நிலத்துக் கிணற்றுக்கு இலவசக் கரண்ட் வந்ததிலிருந்து அவர் மோட்டாருக்கு ஒரு பைசா கட்டியதில்லை. அங்கே மீட்டர் என்ற ஒன்றே கிடையாது. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் போட்ட மோட்டாரை எவனும் நிறுத்த மாட்டான், நிறுத்துகிறவன் பைத்தியக்காரன். கட்டணம் என்று அவர் கட்டியதெல்லாம் வீட்டு விளக்குக்குத்தான். ஆகவே விளக்குக் கரண்ட் வேறு, மோட்டார் கரண்ட் வேறு என்று அவர் மனசில் கல்வெட்டாகப் பதிந்து போயிருந்தது. குண்டு பல்பைக் கழற்றி ஒளித்து வைத்தவர், நாள் முழுக்க மோட்டாரை ஓடவிட்ட கதை இதுதான்.

"அது வெவசாயத்துக்குங்க" என்றார் ஆதிமூலம் பொறுமையாக.

"நான் வேற என்னா பண்றேன்?" என்று இருசப்பன் கத்திரிப் பாத்தியைக் காட்டினார்.

ஆதிமூலம் முருங்கை மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பிறகு ஒருவழியாக மோட்டாரை நிறுத்திவிட்டு, போய் மீட்டரைப் பார்க்கச் சொன்னார். பாலாஜி போய்ப் பார்த்தான். சக்கரம் நின்றிருந்தது. தினமும் இருபது நிமிஷம் போட்டால் தொட்டி நிறைந்துவிடும், யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டுக்கு விலையும் ஏறும், அதனால்தான் இவ்வளவு வந்தது என்று விளக்கிவிட்டு, கொஞ்சம் கத்திரிக்காயையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார்.

பாலாஜி இருசப்பன் பக்கத்தில் வந்து, "பரவால்ல மாமா, விடுங்க" என்றான். அந்த மரியாதைதான் அவரை வெட்டிப் போட்டது. திங்கட்கிழமை வரைக்கும் எதற்கு என்று உள்ளே போனார். டிரங்குப் பெட்டியில் வேட்டி இரண்டையும் வைத்து மூடித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி வூட்டுக்குப் போறேன்மா. குத்தகைப் பணம் வந்ததும் இந்தக் கரண்ட் காசக் குடுத்துடறேன்" என்றார்.

அவ்வளவுதான். அருணாதேவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"குடுப்ப நைனா, குடுப்ப. வாயப் பாரு. உங்கிட்ட காசு கேட்டாங்களா இங்க? ரெண்டு மாசமா கிரைண்டரத்தான் நான் கண்டபடி போடறேன்னு இவரு சொல்றாரு, டிவிய இவரு அணைக்கறதே இல்லன்னு நான் சொல்றேன். ரூமுக்குள்ள தினம் சண்ட. உன் காதுல வுழக்கூடாதுன்னு குரல அடக்கிச் சண்ட போட்டே எனக்குத் தொண்ட வலி வந்துச்சு. வூட்டுக்காரரு மேல சந்தேகப்பட்டோம், பக்கத்து வூட்டுக்காரன் மேல சந்தேகப்பட்டோம். உன்ன ஒரு நாளாவது நெனச்சமா?"

இருசப்பன் பெட்டியோடு அப்படியே நின்றார். உள் ரூம் முணுமுணுப்பு முழுக்க அவர்கள் இருவருடைய சண்டைதானா? தன்னைப் பற்றி ஒரு பேச்சு கூட இல்லையா?

அவள் நிறுத்தவில்லை. வயசானால் புத்தி வேண்டாமா என்றாள். மோட்டாருக்குக் காசு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டால் வாயில் இருக்கும் முத்தா கொட்டிவிடும் என்றாள். ஃபேன் போடாமல் முதுகெல்லாம் வேர்க்குரு, அதைப் பார்த்துப் பார்த்துத் தன் வயிறு எரிந்தது அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். சாமி பல்பைக் கழற்றியதற்குத் தனியாக ஒரு திட்டு. பாலாஜிக்கு வழக்கமாக விழுகிற அதே வசவுகள்தான், ஒன்று கூடக் கம்மி பண்ணாமல் அப்பாவுக்கும் விழுந்தன.

பாலாஜி நடுவில் வந்து பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினான். "மாமா, ரெண்டு மாசமா நான் வாங்கின திட்டுல பாதி உங்களுது. இன்னிக்கு நீங்களே முழுசா வாங்கிக்கங்க" என்றான்.

இருசப்பனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. தை மாசத்திலிருந்து அந்த வீட்டில் அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாப்பிடுங்க, உட்காருங்க, படுங்க. விருந்தாளிக்குச் சொல்கிற பேச்சுதான் எல்லாம். இன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்க்கு வாய் திட்டு விழுகிறது. நன்றாக இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று அவர் வாசற்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார். அருணாதேவிக்கு மூச்சு வாங்கியதும், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்தார். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கூட்டம் அலைமோதியது. பொரி, கடலைக் கடை போட்டிருந்த தம்பி வேடியப்பன், சரக்கு வாங்க டவுனுக்கு வந்தவன், அண்ணனையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தான். பொண்ணு வீட்டில் எத்தனை நாளைக்கு இருக்கப் போகிறார், அங்கே எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஊரே கேட்கிறது என்பதை மெல்ல இழுத்து இழுத்துச் சொன்னான்.

இருசப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ரொம்ப நல்லா வெச்சிருக்காங்கடா. நேத்து கூட என் பொண்ணுகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கினேன்."