தம்பிக்கு ஒடம்பு சரியில்லீங்களா?

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையத்துக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். 'பெண் பார்க்க' என்று சொல்வது பழைய பழக்கம். இப்போதெல்லாம் அவர்கள்தான் நம்மைப் பார்க்கிறார்கள்.

மாப்பிள்ளை, என் தங்கை மகன் பிரபு. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். நல்ல சம்பாத்தியம், கெட்ட பழக்கம் கிடையாது, வயது முப்பத்து நான்கு. எங்கள் பக்கத்தில் இந்த வயதுப் பையனுக்குப் பெண் அமைவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாதகம் பொருந்திய இடம் என்றாலே தங்கை குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிடுவாள்.

அப்படிப்பட்ட நாளில் பையன் காரில் வந்து ஏறினான்... என்ன சட்டையில் தெரியுமா? ஓவர்சைஸ். பாசிப்பயறு நிறம். தோள்பட்டைத் தையல் பாதிக் கை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. உள்ளே இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது.

"ஏஞ்சாமி, அந்த வெள்ளைச் சட்டைய மாத்திக்கிட்டு வாயேன்" என்று கெஞ்சினாள் தங்கை.

"வெள்ளைச் சட்டையில போனா ஃபைனான்ஸ்காரனாட்டம் இருக்குதும்மா. இதுதான் இப்ப ட்ரெண்டு."

"நேத்து வரைக்கும் மூச்சு விட முடியாம இறுக்கமாப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சியேடா?" என்றேன்.

"அது ஸ்லிம் ஃபிட்டுங்க மாமா. அது போயிருச்சு."

பெண்களின் ஃபேஷனைக் கேலி செய்தே பழகிவிட்டோம். ஆண்கள் மட்டும் சும்மாவா இருந்தார்கள்? காலர் நீண்டது, சுருங்கியது, சில சட்டைகளில் காணாமலே போனது. கட்டம் போய் பூ வந்தது. எல்லாம் சரி — பெண் வீட்டு ஹாலில் உட்காரும்போதுதான் வம்பே.

காபி கொடுத்தார்கள். பெண்ணின் அம்மா பிரபுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கையின் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"ஏனுங்க, தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லாம இருந்துச்சுங்களா? சட்டையெல்லாம் தொளதொளன்னு கெடக்குது. எளச்சுட்டாப்ல தெரியுதுங்க."

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, இல்லீங்க. அது மாடலுங்க. காச்சல்னுகூட அவன் படுத்ததில்லீங்க" என்றாள். அவள் மறுக்க மறுக்க அந்த அம்மாவுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

இந்த இடம் தட்டிப்போவதுகூடப் பரவாயில்லை. 'பையனுக்கு ஏதோ வியாதி' என்று ஒரு பேச்சு கிளம்பினால்? அடுத்த இடம் எங்கிருந்து வரும்?

பெண்ணின் அப்பா எழுந்து வந்தார். விசைத்தறி போட்டுச் சட்டைத் துணி நெய்கிறவர். பிரபுவின் முழங்கையருகே தொங்கிய துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இது உங்க அளவுதானுங்களா தம்பி?"

"ஆமாங்க."

"எல்லாருமே இப்படித்தான் போடறாங்களா?"

"எங்க செட்டுப் பசங்க பூரா இதுதானுங்க."

அவர் மனைவியிடம் திரும்பினார். "ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. துணிதான் சாஸ்தி."

சொல்லிவிட்டு, நாற்காலியை பிரபுவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்த இறுக்கிப் புடிக்கிற சட்டை வந்தப்போ துணி ஓட்டமே கொறஞ்சுபோச்சுங்க தம்பி. நைட் ஷிஃப்ட்டையே நிறுத்திப்போட்டோம். இது நிக்குமுங்களா?"

கேட்டபோது அவர் குரல் இறங்கிவிட்டது. எங்களுக்கு ஒரு கல்யாணத்தைப் பற்றித்தான் பயம். அவருக்கோ, எங்கேயோ ஒரு வாலிபன் கண்ணாடி முன்னால் நின்று மனசு மாறினால் இங்கே தறி நின்றுவிடும். ஃபேஷனுக்குப் பயந்து வாழ்கிறவர்கள் அதைப் போட்டுக்கொள்கிறவர்கள் அல்ல என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"நிக்குமுங்க" என்றான் பிரபு, லாரி பாடிக்கு கேரண்டி கொடுக்கிற அதே தைரியத்தில்.

அப்புறம் பிள்ளைகள் இருவரும் தனியாகப் பேசினார்கள். புதன்கிழமை போன் வந்தது — பெண்ணுக்குச் சம்மதம். தங்கை அழுதேவிட்டாள்.

கல்யாணத்தைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் பெண்ணின் அப்பா. நான் ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறேன். தை வரைக்கும் எந்தச் சட்டை நிக்குமுங்க?